அளவும் ஆளும்

தமிழில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. போட்டுப் பார்த்த சட்டை உடம்புக்குச் சிறியதாக இருந்தால், "இந்தச் சட்டை எனக்குப் பத்தவில்லை" என்கிறோம். விருந்தாளி வந்த வீட்டில் சோறு பத்தாமல் போவதைப் போல, மாதக் கடைசியில் சம்பளம் பத்தாமல் போவதைப் போல, சட்டையும் பத்தாமல் போகிறது. குறை சட்டையுடையது. உடம்பு தன் பாட்டுக்கு இருக்கிறது. அதற்கு வேண்டிய அளவு துணிதான் வந்து சேரவில்லை. எத்தனை நியாயமான பேச்சு!

சமீப காலமாக இந்த நியாயம் தலைகீழாகிக் கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. இன்றைய இளைஞர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எந்தச் சட்டையும் சரியாக வராது" என்கிறார்கள். "என் தோள் ஒரு மாதிரி" என்கிறார்கள். "கழுத்துக்குப் பார்த்தால் வயிற்றில் பிடிக்கிறது, எல்லாம் இந்தத் தொப்பையால் வந்த வினை" என்கிறார்கள். சட்டை நீதிபதியின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள, உடம்பு கைகட்டிக் கூண்டில் நிற்கிறது.

அளவும் ஆளும் ஒத்துப்போகாதபோது தவறு யாருடையது? சட்டைக் கடை வாசலோடு முடிந்துவிடுகிற கேள்வியாக இது எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் சட்டையிலிருந்தே தொடங்கலாம். பெரிய விஷயங்களைச் சிறிய பொருள்களில் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்கு அவை துலக்கமாகத் தெரியும்.

நான் சொல்வது வீட்டில் மாட்டிக்கொண்டு திரியும் அரைக்கைச் சட்டையை அல்ல. அது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அலுவலகத்துக்கும், நேர்முகத் தேர்வுக்கும், கல்யாண வரவேற்புக்கும் என்று எடுத்து வைக்கிறோமே, அந்த முழுக்கைச் சட்டை. அது உடம்பை ஏழெட்டு இடங்களில் சந்திக்க வேண்டியிருக்கிறது. மேல் பொத்தானைப் போட்டால் கழுத்தை நெரிக்கக் கூடாது. தோள் தையல் தோளின் விளிம்பில் நிற்க வேண்டும். மார்பில் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கக் கூடாது. இடுப்பில் பலூன் மாதிரி உப்பக் கூடாது. கை மணிக்கட்டு வரை வந்து நிற்க வேண்டும். உள்ளே செருகினால் குனிந்து நிமிர்ந்ததும் வெளியே வந்துவிடாத நீளம் வேண்டும்.

இத்தனை இடங்களுக்கும் சேர்த்து இணையக் கடையில் நமக்குக் கொடுக்கப்படுவது ஒரே ஓர் எண்.

அந்த எண்ணாவது நாணயமான எண்ணா என்று பார்த்தால், அதுவும் இல்லை. நம் நாட்டில் சில நிறுவனங்கள் சட்டைக்கு 40 என்று போட்டால் அது கழுத்துப் பட்டையின் சுற்றளவு 40 சென்டிமீட்டர் என்று பொருள். அதாவது ஏறக்குறைய பதினைந்தே முக்கால் அங்குலம். வேறு சில நிறுவனங்கள் 40 என்று போட்டால் அது மார்பின் சுற்றளவு 40 அங்குலம். ஒன்று கழுத்தைப் பேசுகிறது, மற்றொன்று மார்பைப் பேசுகிறது. ஒன்று சென்டிமீட்டர், மற்றொன்று அங்குலம். இரண்டு நாற்பதும் கைப்பேசித் திரையில் அக்கம்பக்கத்தில், ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் ஊருக்குப் புதிதாக வந்தவன் ராமசாமியின் கடிதத்தைக் கொண்டுபோய் வேறு ராமசாமியிடம் கொடுத்துவிட்டு வருவதைப் போன்ற குழப்பம் இது.

"அளவுப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்" என்று கடையே புத்தி சொல்கிறது. பட்டியலைத் திறந்தால் மார்பு 42 என்று இருக்கிறது. அந்த 42 என்னுடைய மார்பா, சட்டையின் மார்பா? உடம்பை ஒட்டினாற்போல் சட்டை தைத்தால் மூச்சுவிட முடியாது. அதனால் உடம்பின் அளவுக்கு மேல் சில அங்குலம் கூட்டித்தான் யாரும் தைப்பார்கள். தையற்காரர்கள் அதற்கு 'லூஸ்' விடுவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பது லூஸுக்கு முந்திய எண்ணா, பிந்திய எண்ணா என்பதைச் சொல்லாத பட்டியல்கள் உண்டு. சொல்லியிருந்தாலும் படித்ததும் விளங்கும்படி சொல்லாதவை அதைவிட அதிகம்.

எண்ணை எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் கஷ்டம் தீர்ந்துவிடுமா? அப்படியும் தீராது. தொழிற்சாலையில் முதலில் ஒரு நடுத்தர அளவுக்கு மாதிரி வெட்டுகிறார்கள். பிறகு அதையே படிப்படியாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் மற்ற அளவுகளை உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் மார்பில் இத்தனை, கழுத்தில் இத்தனை, கையில் இத்தனை என்று கணக்கு. பிறகு துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் பல சட்டைகளுக்கு வெட்டிவிடலாம். இந்தக் கணக்குக்குள் மனிதனைப் பற்றிய ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கழுத்து பருத்தவனுக்குக் கையும் நீளும், மார்பு அகன்றவனுக்குத் தோளும் அதே விகிதத்தில் அகலும் என்பதே அந்த நம்பிக்கை. நாற்பது வயதைத் தாண்டிய எவரும் கண்ணாடி முன் நின்று இதைச் சோதித்துப் பார்க்கலாம். வயிறு வளர்ந்த வேகத்தில் கை வளர்ந்திருக்கிறதா?

அமெரிக்காவில் இத்தகைய சட்டைகளுக்குக் கழுத்துக்கு ஓர் எண், கை நீளத்துக்கு ஓர் எண் என்று இரண்டு எண்கள் போட்டு விற்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நம் ஊர் ஆயத்தச் சட்டைகளில் பெரும்பாலும் கழுத்துக்கு ஏற்றபடி கை நீளத்தையும் கடைக்காரரே முடிவு செய்துவிடுகிறார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கழுத்துக்கும் நான்கு கை நீளம் வைத்தால், ஒரு நிறத்தில் ஐந்து சட்டை அடுக்குகிற இடத்தில் இருபது சட்டை அடுக்க வேண்டும். அவற்றில் எது விற்கும், எது தங்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கணக்கெல்லாம் கடைக்காரருக்கு. வாங்குகிறவனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

என் சகோதரியின் மகன் படிப்பை முடித்துவிட்டு முதன்முறையாக ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக இருந்தான். ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை. இணையத்தில் வெள்ளைச் சட்டை ஒன்றை வரவழைத்தான். கழுத்து அளவெடுத்தாற்போல் இருந்தது; கை மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த பெரிய அளவை வரவழைத்தான். கை ஒருவாறு எட்டியது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. உடம்போடு ஒட்டித் தைத்தது என்று போட்டிருந்த மூன்றாவது சட்டை தோளைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பும்போது திரையில் காரணம் கேட்டார்கள். 'அளவு பெரிது', 'அளவு சிறிது' என்று இரண்டு பதில்கள் இருந்தன. கழுத்து சரி, கை மட்டும் பத்தவில்லை என்று சொல்ல அங்கே இடமில்லை. ஒரு மனிதன் ஓரிடத்தில் பெரியவனாகவும் மற்றோரிடத்தில் சிறியவனாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்தக் கேள்வியை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது சட்டையையும் மடித்துப் பையில் போட்டுவிட்டு அவன் சொன்னான்: "சட்டையில ஒண்ணும் இல்ல மாமா. கீழே எழுதியிருக்கிறவங்க எல்லாம் கச்சிதமா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. என் கைதான் நீளம்."

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கையால்தான் அவன் உயரத்துப் பரண் சாமானை நாற்காலி போடாமல் எடுத்துக் கொடுப்பான். ஒரு வாரத்தில் மூன்று பொட்டலங்கள் வந்து அது தவறான கை என்று அவனுக்குச் சொல்லிவிட்டன. சட்டையின் விலை திரும்பி வந்துவிட்டது. இந்த எண்ணத்தைத் திருப்பி அனுப்ப வழி ஏது?

கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு சீனாவில் வாழ்ந்த ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஸெங் நாட்டுக்காரன் ஒருவன் செருப்பு வாங்க நினைத்தான். வீட்டிலேயே தன் காலை அளந்து அளவை எடுத்து வைத்தான். சந்தைக்குப் போய்ச் செருப்பைக் கையில் எடுத்த பிறகுதான் அளவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அதை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் சந்தை கலைந்துவிட்டது. "காலைச் செருப்பில் விட்டுப் பார்த்திருக்கலாமே ஐயா?" என்று ஒருவர் கேட்டார். என் காலைவிட அளவின் மேல்தான் எனக்கு நம்பிக்கை என்று அவன் பதில் சொன்னானாம்.

இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக உலகம் அந்த மனிதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் சிரிக்க முடியுமா? அவனுக்காவது சந்தையில் செருப்பும் இருந்தது, காலும் இருந்தது. நம்முடைய சந்தையில் காலுக்கு அனுமதி இல்லை. அளவை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். அவன் அறியாமையால் செய்ததை நாம் சௌகரியத்துக்காகச் செய்கிறோம். செய்து செய்து கடைசியில் அவன் வந்து சேர்ந்த முடிவுக்கே நாமும் வந்துவிடுகிறோம்: அளவு பொய் சொல்லாது, கால்தான் பிசகு.

இந்த எண்ணம் செருப்புக்காரனோடு நின்றிருந்தால் கதையாகப் போயிருக்கும். அறிஞர்களும் அதற்குத் துணை வந்தார்கள். பெல்ஜிய நாட்டில் அடால்ஃப் கெட்லே என்ற வானியல் அறிஞர் இருந்தார். விண்மீனை அளக்கிறவர்கள் ஒரே மீனைப் பலமுறை அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிறு பிழை நேரும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, உண்மைக்கு நெருக்கமான எண் கிடைக்கும். இந்த முறையை அவர் மனிதர்கள் பக்கம் திருப்பினார். 1835-இல் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்ற ஒருவனை உலகத்துக்கு அறிமுகம் செய்தார். 1846-இல் வெளிவந்த மற்றொரு நூலில் 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகளை எடுத்து ஆராய்ந்தார். சராசரி ஏறக்குறைய 40 அங்குலம் வந்தது. ஒரே சிலையைப் பல பேர் அளந்தால் அளவுகள் சற்று முன்னும் பின்னுமாக வருமல்லவா, இந்த வீரர்களின் மார்புகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. அளக்கிற கை தவறினால் அது அளப்பவரின் பிழை. ஆனால் 37 அங்குல மார்போடு ஒரு வீரன் உயிரோடு எதிரே நிற்கிறானே, அவன் யாருடைய பிழை? இயற்கை 40 அங்குலம் என்று நினைத்துக்கொண்டு செய்யத் தொடங்கி, கைதவறிச் செய்த பிழையா? விண்மீன் கணக்கில் அந்த முறைக்கு நியாயம் உண்டு. ஏனென்றால் அத்தனை அளவுகளுக்கும் பின்னால் உண்மையான மீன் ஒன்று வானத்தில் இருக்கிறது. 5,738 வீரர்களுக்குப் பின்னால் அப்படி உண்மையான வீரன் ஒருவன் எங்கே இருக்கிறான்? இருப்பவர்கள் அந்த 5,738 பேர்தாம். "என் கைதான் நீளம்" என்று என் மருமகன் சொன்னபோது, அவன் பெயரைக்கூடக் கேட்டிராத அந்தப் பெல்ஜிய அறிஞரின் பாடத்தைத்தான் அவன் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

பின்னர் 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலப் படைக்கு லட்சக்கணக்கில் சீருடைகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு வீரனுக்கும் அளவெடுத்துத் தைக்க அவகாசம் ஏது? வீரர்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறிப்பிட்ட சில அளவுகள் சேர்ந்து சேர்ந்து வருவது தெரிந்தது. அவற்றை வைத்துச் சில வகைகளாகச் சீருடைகள் தைத்தார்கள். 1865-இல் போர் முடிந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அந்த அளவுகள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்களின் ஆயத்த ஆடை பெருகியதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

சராசரி மனிதனைத் தேடி உண்மையாகவே ஒருவர் புறப்பட்டுப் போன கதையும் உண்டு. அதுவும் படையில் நடந்ததுதான். 1950-இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடம்பை அளந்தது. விமானியின் அறையைச் சராசரி விமானிக்கு ஏற்றபடி திருத்தி அமைக்க வேண்டும் என்பது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்த எண்களை எடுத்துக்கொண்டு ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்: இவர்களில் எத்தனை பேர் சராசரியானவர்கள்? உயரம், மார்பு, கை நீளம் போன்ற பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். மிகவும் கண்டிப்பாகவும் இல்லை. ஒவ்வோர் அளவிலும் நடுவில் இருக்கும் முப்பது சதவீதத்துக்குள் வந்தாலே சராசரிதான் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தார். 4,063 விமானிகளில் பத்து அளவுகளிலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

ஒருவர்கூட இல்லை. மூன்று அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு நான்கு பேர்கூடத் தேறவில்லை. 1952-இல் அவர் இதை அறிக்கையாக எழுதினார். சராசரி விமானிக்கென்று செய்த ஆசனம் எந்த விமானிக்கும் உரியதாக இல்லை.

விமானப்படை அதற்குப் பிறகு செய்ததுதான் இங்கே முக்கியம். விமானிகளைப் பார்த்து, "உங்கள் கைதான் நீளம்" என்று அது சொல்லவில்லை. முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஆசனங்கள் வேண்டும், இழுத்துச் சரிசெய்துகொள்ளும் பட்டைகள் வேண்டும் என்று விமானம் செய்கிறவர்களைக் கேட்டது. முடியாது, செலவாகும் என்றெல்லாம் முதலில் பேச்சு வந்தது, பிறகு முடிந்தது. போர் விமானத்தில் அளவு பிசகினால் உயிர் போகும் என்பதால் அங்கே உண்மையை ஒப்புக்கொண்டார்கள். சட்டையில் பிசகினால் உயிர் போவதில்லை. ஓர் இளைஞனுக்குத் தன் உடம்பின் மேல் இருக்கும் மதிப்பு சிறிது போகிறது. அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதைப் படிக்கிற சிலர், பழைய தையற்கடைக்கே எல்லாரும் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லப் போகிறேனென எதிர்பார்க்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. தையற்கடைக் காலத்தை ஒரு பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் தீபாவளிக்கு முந்திய இரவு கடை வாசலில் காத்து நின்றதை மறந்துவிட்டவர்கள். 'காஜா எடுக்கக் கொடுத்திருக்கிறேன், காலையில் வாருங்கள்' என்ற பதிலைக் கேட்டுக் கண்கலங்கிய குழந்தைகள் எத்தனை! ஒரே தானில் கிழித்து அண்ணன் தம்பி எல்லாருக்கும் தைத்துப் போட்ட வீடுகளில், "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்" என்று அம்மா சொல்லிவிடுவாள். அளவெடுத்துத் தைத்த அந்தச் சட்டை, அடுத்த வருஷத்துப் பையனுக்குத்தான் பொருந்தும். இந்த வருஷத்துப் பையன் அதற்குள் நீந்திக்கொண்டிருப்பான்.

அதையும் விடுங்கள். ஆயத்தச் சட்டை சாதித்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அது வாங்குகிறவனை யாரென்று கேட்பதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தான், அப்பா என்ன செய்கிறார், கூலியைக் குறைத்துக் கேட்பானா என்று அது முகத்தைப் பார்ப்பதில்லை. கூலி வேலை செய்கிறவரும் மகனுக்கு மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை அரை மணி நேரத்தில் வாங்கிப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. இந்தச் சமத்துவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இது சாத்தியமானதற்கு அளவுகள்தாம் காரணம். அளவு இல்லாவிட்டால் மலிவு இல்லை; மலிவு இல்லாவிட்டால் பலருக்குச் சட்டையே இல்லை.

நம் நாட்டு உடம்புகளுக்கென்றே அளவுகள் காண வேண்டும் என்ற முயற்சியும் நடந்திருக்கிறது. தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம், ஆறு நகரங்களில் 25,000 பேரை ஒளிக்கருவிகளால் அளக்கும் ஒரு திட்டத்தை மேற்கொண்டது. அயல்நாட்டு உடம்பை மனத்தில் வைத்து வகுத்த பட்டியலைவிட அது நமக்கு நெருங்கி வரும் என்பதில் சந்தேகமில்லை. வரவேற்கத்தக்க காரியந்தான். ஆனால் எத்தனை பேரை அளந்தாலும் கடைசியில் கிடைப்பது வேறொரு சராசரி. அது பலருக்குச் சற்று அருகில் வரும். யாருக்கும் சொந்தமாகிவிடாது.

பிறகு என்னதான் வேண்டும் என்கிறீர்களா? நல்ல தையற்காரர் ஒருவர் அளவெடுப்பதைக் கவனித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். டேப்பை வைப்பதற்கு முன் அவர் கண் ஒருமுறை ஆளைத் தழுவி எடுத்துவிடும். கனத்த பையை வருஷக்கணக்காக ஒரே தோளில் சுமந்தவருக்கு அந்தத் தோள் சற்று இறங்கியிருக்கும். குனிந்து எழுதிப் பிழைக்கிறவருக்கு முதுகு சிறிது வளைந்திருக்கும். இவற்றை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. லண்டனில் சாவில் ரோ என்ற தெருவில் பேர்போன தையற்கடைகள் இருக்கின்றன. அங்கே துணி வெட்டுகிறவர்கள் வலது தோள் இறக்கம் என்பதற்கு மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு குறி வைத்திருக்கிறார்கள். வாடிக்கைக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் அவர் மனம் நோகாதபடி நோட்டில் எழுதிக்கொள்ளலாம். நம்மூர்த் தையற்காரர்களுக்கு எழுத்துக்குறிகூட வேண்டியதில்லை. சாக்கட்டியால் துணியின் மேல் ஒரு கோட்டைச் சற்றே இறக்கிப் போட்டுவிடுகிறார்கள். சட்டை வந்ததும் நமக்கு அது பொருந்துகிறது. ஏன் பொருந்துகிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு மனிதனின் குறையென்று ஊர் சொல்லக்கூடியதைப் பார்த்தும் பாராததுபோல், துணியைத் திருத்திக் கொடுத்து அனுப்பிவிடுவது சாதாரணப் பண்பு அல்ல.

இப்போது நகரங்களில் தெருவோரத்தில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, ஆயத்த ஆடைகளைப் பிரித்துத் திருத்திக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் தையற்காரர்களைப் பார்க்கிறோம். அப்படி ஒருவரிடம் மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வந்ததைப் போன்ற, கழுத்து சரியாக இருந்து கை மட்டும் எட்டாத சட்டை கையில் இருந்தது. "கையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுக்க முடியுமா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் சட்டையை வாங்கி உட்புறமாகத் திருப்பி, கைப்பட்டையின் தையலை விரலால் நெருடிப் பார்த்தார்.

"பெரிசா இருந்தா பிடிச்சுக் கொடுத்துடலாம் சார். இதை விட முடியாது. உள்ளே துணியே இல்லையே, எதைப் பிரிக்கிறது?" என்றார்.

அவன் பெரிய அளவையே வாங்கி, கழுத்தையும் பக்கங்களையும் அவரிடம் பிடித்துக்கொண்டு போட்டுச் சென்றான். ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை என்னை விடவில்லை.

பழைய காலத்துத் தையலில் மடிப்புக்குள் கொஞ்சம் துணியை விட்டு வைப்பார்கள். பாவாடையிலும் ரவிக்கையிலும் கால்சட்டையிலும் அது இருக்கும். நாளைக்கு உடம்பு மாறினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அளவெடுத்து, வெட்டி, தைத்து முடித்த பிறகும் அந்தத் தையற்காரர், 'நான் எடுத்த அளவு இன்றைக்கு எடுத்த அளவுதான்' என்று உள்ளே ஒரு விரல் அகலத் துணியால் ஒப்புக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலைச் சட்டையில் அந்த ஒரு விரல் துணி மிச்சப்படுத்தப்படுகிறது. லட்சம் சட்டைக்கு அது பெரிய மிச்சம்தான். அதனால் அந்தச் சட்டையைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது.

நாம் மனிதர்களை அளப்பதும் நாளுக்கு நாள் இப்படி ஆகிவருகிறதோ என்றுதான் என் கவலை. ஆரம்பத்தில் சொன்னேனே, 'பத்தவில்லை' என்ற வார்த்தை, அதை இப்போது எங்கெல்லாம் கேட்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். "பையனுக்கு மார்க் பத்தாது." "பெண்ணுக்கு உயரம் பத்தாது." "மாப்பிள்ளைக்குச் சம்பளம் பத்தாது." துணியைச் சொல்ல வேண்டிய சொல்லை ஆளுக்குச் சொல்லுகிறோம். திருமண இணையதளத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒரு கட்டம், வருமானத்துக்கு ஒரு கட்டம் போட்டுத் தேடினால், ஓர் அங்குலம் குறைந்த பெண் நம் கண்ணிலேயே படமாட்டாள். அவள் எப்படிச் சிரிப்பாள், கஷ்டம் வந்தால் எப்படிப் பக்கத்தில் நிற்பாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மனிதர்களை ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடுகிறார்கள். ஒன்றில் கூடியும் ஒன்றில் குறைந்தும் இருப்பவர்களுக்கு அங்கேயும் 'பெரிது', 'சிறிது' என்ற இரண்டு பதில்கள்தாம். அப்படி அளக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு வந்து, தாங்களே தங்களைக் குறைத்துப் பிடித்துத் தைத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். பிடிப்பது சுலபம். எத்தனையோ பேர் ஆயுள் முழுவதும் அந்தக் குறைத்த அளவிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்துவிடுகிறார்கள்.

அளவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் ஏதோ ஓர் அளவு இருந்துதான் தீரவேண்டும். என் வழக்கு அளவின் மேல் இல்லை. அளவு பொய்த்துப்போகும் இடத்தில் குற்றத்தை ஆளின் தலையில் கட்டுகிறோமே, அதன் மேல்தான். ஒருவரைப் பற்றி நாம் எடுத்த அளவு அவருக்குப் பொருந்தாவிட்டால், முதலில் டேப்பைப் பார்ப்போம். அடுத்து வெட்டியவரைக் கேட்போம். பிள்ளையையோ மருமகளையோ மாணவனையோ அளந்து முடித்துவிட்டதாக நினைக்கும்போதும், உள்ளே ஒரு விரல் அகலம் துணியை மடித்து வைத்திருப்போம். நாளைக்கு அவர்கள் வளர்ந்தால் பிரித்துவிடுவதற்கு அது இருக்கும்.

என் மருமகனுக்கு நான் சொன்னதும் இவ்வளவுதான். "கை நீளம் இல்லையடா, சட்டைதான் பத்தவில்லை" என்றேன். நம் முன்னோர்கள் சொல்லிவந்த சொல்தான். அதை அவன் நம்பினானோ இல்லையோ, நான் நம்பித்தான் சொன்னேன்.